ஓய்வுக்காலத்தில் ஏழு கிராஸ் ஸ்டிச் வேலைகள்: ஒவ்வொன்றாக முடிப்பதா, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுவதா?

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். அறுபது வயதில் பணி ஓய்வு பெற்றவர். கையில் ஏழு வேலைகள் பாதியில் நிற்கின்றன: மகனின் புது வீட்டுக்கு முருகன் படம், பேத்தி யாழினிக்குப் பெயர் பொறித்த பிறந்தநாள் படம், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய எட்டுக் குதிரைகள் கிட் (துணியும் நூலும் சேர்ந்து வருவது), கறுப்புத் துணியில் ஒரு மயில், கோவில் மாதர் குழுவுக்குப் புத்தகக் குறிகள், ஜார்ஜ்டவுன் தெரு ஒன்றைத் தாமே புகைப்படம் எடுத்துக் கட்டப் படமாக மாற்றியது, வேலையில் இருந்தபோதே தொடங்கிய மெத்தை உறை. "தினமும் எதையாவது தைக்கிறேன், எதுவும் முடிவதில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூட்டிவிடவா? ஆண்டுக்கு எத்தனை முடிப்பது என்று இலக்கு வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் எல்லோரும் உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

டீச்சர், பூட்ட வேண்டாம். ஒரே வேலையை மாதக்கணக்கில் தைத்தால் கை சலித்துவிடும், சலித்த கை தைத்த இடம் பின்னால் பார்க்கும்போது தனியாகத் தெரியும். ஆனால் ஏழும் ஒன்றாக ஓடவும் முடியாது. உங்களிடம் குறைவாக இருப்பது நாட்கள் இல்லை. கண் நன்றாகத் தெரிகிற நேரம். அதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் சொல்லும் நேரம் இருபத்துநான்கு மணிக் கணக்கு. தையலுக்கு உதவும் நேரம் ஒரு நாளில் ஒன்றரை மணியோ இரண்டு மணியோதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, விழியின் வில்லை மஞ்சளாகிறது. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வில்லை மஞ்சளாவதால் நீல வகைகளும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். டி.எம்.சி. என்ற நிறுவனத்தின் தையல் நூலில் நிற எண் 310 கறுப்பு, 939 மிக அடர்ந்த கருநீலம், 823 கருநீலம். இந்த மூன்றையும் இரவு விளக்கில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். பிரிக்க முடியாவிட்டால் அந்த நிறங்கள் உள்ள வேலையை இரவில் தொடாதீர்கள். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தோழிகள் பலர், மறுவாரமே நீலம் பளிச்சென்று தெரிகிறது என்று என்னிடம் வியந்து சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் டாக்டர் நாள் குறித்திருந்தால், நீலமும் கறுப்பும் நிறைந்த வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

பினாங்கில் காலை வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்தோடு சேர்வதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. அதனால் இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழுகிறது. தையலுக்கு ஏற்ற வெளிச்சம் எட்டரை மணிவாக்கில் வரும், பதினொன்று வரை நன்றாக இருக்கும். அதன்பிறகு சமையல், மதியத்தில் வெக்கை, மழைக்காலம் என்றால் மூன்று மணிக்கே இருட்டு. ஆக, எட்டரையில் இருந்து பத்து மணி வரை உள்ள ஒன்றரை மணி நேரமே உங்கள் முதல் தர நேரம். அந்த நேரத்தை மார்க்கெட்டுக்கோ பில் கட்டுவதற்கோ கொடுக்காதீர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும், பத்து மணிக்குக் கொண்டுவந்து விடுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணைப்படி வாழ்ந்தவர், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்து உங்கள் வேகத்தை அளக்க வேண்டும். ஒரு நாள் காலையில் முருகன் படத்தை எடுத்து, நூல் கோப்பது, நிறம் மாற்றுவது, பிரிப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வழக்கம்போலத் தையுங்கள். பிறகு எத்தனை குறுக்கு (ஒரு கட்டத்தை நிரப்பும் X வடிவத் தையல்) விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே நிறம் பரந்திருக்கும் இடத்தில் அளக்காதீர்கள், அது ஏமாற்றும். நிறங்கள் கலந்த முகமோ, மாலையோ உள்ள இடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். நிறைய பேருக்கு அது நூறை ஒட்டி வரும். நூறு என்றே வைத்துக்கொள்வோம்.

உங்கள் முருகன் 200 கட்டம் அகலம், 280 கட்டம் உயரம், பின்னணி உட்பட முழுதும் நிறைந்த படம் என்கிறீர்கள். மொத்தம் 56,000 குறுக்கு. மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது, மீதி 37,300 இருக்கும். அதாவது 373 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி, மாதத்துக்கு 20 நாள் (காய்ச்சல், கல்யாணம், வைகாசி விசாகம் எல்லாம் போக நிற்பது அவ்வளவுதான்) என்றால் மாதம் 30 மணி நேரம். முருகன் மட்டுமே தைத்தாலும் ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகும். இந்த ஒரு கணக்கைப் போட்ட பிறகு, ஏன் முடியவில்லை என்ற வருத்தம் பாதி குறையும் என்று நம்புகிறேன். உங்களிடம் சோம்பலும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. ஓராண்டு வேலையை ஏழாகப் பிரித்த நேரத்தில் செய்யப் பார்த்திருக்கிறீர்கள்.

இனி ஏழையும் நேரத்தின்படி பிரிப்போம். ஒரே சமயத்தில் மூன்று வேலைகள் ஓடலாம்: காலை வெளிச்சத்துக்கு ஒன்று, மாலை விளக்குக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று. காலைக்கு உரியவை உங்களிடம் நான்கு இருக்கின்றன: முருகன், யாழினியின் படம், மயில், ஜார்ஜ்டவுன் தெரு. நான்கும் அதே ஒன்றரை மணி நேரத்தைத்தான் கேட்கின்றன, தடை அங்கேதான். குதிரைகளும் புத்தகக் குறியும் அந்த நேரத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே அவை ஓடுவதால் முருகனுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

குதிரைகளை மாலைக்கு வையுங்கள். அது பெரும்பாலும் துணியிலேயே நிறம் அச்சிட்ட சீனத் தயாரிப்பாக இருக்கும், கட்டம் கட்டமாக நெய்த 11 கவுண்ட் (ஓர் அங்குலத்துக்கு 11 கட்டம்) ஐடா துணி, மூன்று இழை நூல். துளை பெரிது, எண்ணவும் தேவையில்லை. தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது ஒரு மணி நேரம் தைக்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். அச்சு மை தண்ணீரில் கரையும் வகை என்றால், துவைக்கும் முன் ஒருபோதும் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் மை துணியிலேயே தங்கிவிடும். இன்னொன்று, அந்த கிட்டில் வரும் நூலுக்குப் பல சமயம் கடையில் தனியாக வாங்க வழி இருக்காது. பின்னணி நிறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். குறையும் என்று தோன்றினால் வானத்தை விட்டுவிட்டுக் குதிரைகளை மட்டும் தைத்து முடிக்கலாம், படம் அழகாகவே இருக்கும். இந்த வேலைக்கு இலக்கு எதுவும் வைக்க வேண்டாம். போகிறபடி போகட்டும்.

புத்தகக் குறிகள் கைப்பைக்கு. 14 கவுண்ட் துணியில் 28க்கு 98 கட்டம் என்றால் 5 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். நூலை வீட்டிலேயே வெட்டி, ஒரு ஜிப் பையில் ஊசியோடு போட்டுக்கொள்ளுங்கள். பொது மருத்துவமனையில் எண் எடுத்துக் காத்திருக்கும் நேரத்திலும், பேரப்பிள்ளைகளை நடன வகுப்பில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் ஆண்டு முழுதும் எத்தனையோ குறிகள் முடிந்துவிடும். முடித்த நிறைவு கைக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும், பெரிய படத்தை வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம் வேண்டும்.

யாழினியின் படத்துக்கு வருகிறேன். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு நான்கு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். தேதி உள்ள வேலை ஒரே சமயத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது வந்தால் காலை நேரம் முழுதும் அதற்கே. 80க்கு 100 கட்டம், நிறையக் காலி இடம் உள்ள வடிவம், 3,500 குறுக்கு இருக்கலாம். 35 மணி நேரம், அதோடு ஓரக் கோட்டுக்கான பின்தையல். ஐந்தாறு வாரக் காலைகளை முருகனிடம் இருந்து வாங்கி இதற்குக் கொடுங்கள். சட்டம் போடும் கடைக்கு மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள். முடித்துவிட்டு முருகனிடம் திரும்புங்கள், நடுவில் மயில் பக்கம் போகாதீர்கள்.

ஒரு வேளை பிறந்தநாளுக்குள் முடியாவிட்டால் அதற்காக மனம் நோகாதீர்கள். தேதி பொறித்த பிரிட்டிஷ் மாதிரித் தையல்களில் (எழுத்தும் வடிவங்களும் தைத்த துணி, சாம்ப்ளர் என்பார்கள்) இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்தது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23ஆம் தேதி பிற்பகலில் பிறந்தது என்று அதில் ஊசியால் எழுதியிருக்கிறார். துணியில் உள்ள ஆண்டோ 1598. குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் அது முடிந்திருக்கிறது, நானூறு ஆண்டு கடந்தும் பத்திரமாக இருக்கிறது. படத்தில் பிறந்த நாளைப் பொறியுங்கள், முதல் பிறந்தநாள் என்று எழுதாதீர்கள். எப்போது கொடுத்தாலும் பொருந்தும்.

பெயரைத் தமிழில் தைக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட்டோடு வரும் எழுத்து வரைபடங்களில் ஆங்கில எழுத்து 7 கட்ட உயரத்தில் அடங்கிவிடும். தமிழுக்கு அது போதாது. னகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளைத் துணி தெரிய வேண்டும் என்றால் ஒவ்வொரு சுழிக்கும் குறைந்தது 3க்கு 3 கட்டம் வேண்டும், நடுக்கட்டம் காலியாக நிற்க வேண்டும். ஆகவே எழுத்தின் உடலுக்கு 12 கட்ட உயரம் வையுங்கள். இகரக் கொக்கி மேலே வளைவதற்கு 3 கட்டம், ழகரத்தின் வால் கீழே இறங்குவதற்கு 4 கட்டம், ஆக 19 வரிசை ஒதுக்க வேண்டும். யாழினி என்று எழுத அகலத்தில் ஏறக்குறைய 60 கட்டம் பிடிக்கும். உங்கள் படம் 80 கட்டம் என்பதால் இரு பக்கமும் பத்துப் பத்து கட்டம் காலியாக நிற்கும், சரியாக அமையும். கட்டத் தாளில் பென்சிலால் முதலில் வரைந்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படியுங்கள். ழகரம் மகரம்போலத் தெரிந்தால் வாலை இன்னும் ஒரு கட்டம் இடப்பக்கம் இழுங்கள். வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும் இடங்களில் குறுக்குகளை எல்லாம் முடித்துவிட்டு அதே நிறத்தில் ஓரிழைப் பின்தையலைச் சாய்வாகப் போட்டால் வளைவு வழுவழுப்பாகிவிடும். எண்களையும் இதே உயரத்தில் வரையாதீர்கள், 7 கட்டம் போதும். பெயர்தான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

மயில் காத்திருக்கட்டும். கறுப்பு ஐடா துணி இந்தக் கலையிலேயே கண்ணுக்கு அதிகக் கஷ்டம் கொடுப்பது. அதன் முறை வரும்போது மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் துணியை வைத்துத் தையுங்கள், ஒவ்வொரு துளையும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். விளக்கைத் துணிக்குப் பின்னால் தாழ்வாக வைப்பதும் உதவும். ஆனால் முருகன் முடியும் வரை அதை எடுக்காதீர்கள். இரண்டும் காலை நேரத்துக்குச் சண்டை போடும், கடைசியில் இரண்டும் தோற்கும்.

தெருப் படம்தான் எனக்கு உண்மையான கவலை. புகைப்படத்தைக் கணினி நிரலில் போட்டுக் கட்டமாக மாற்றியபோது 60 நிறம் வந்திருக்கிறது என்கிறீர்கள். பழைய கடைவீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த கறை, ஐந்தடியின் (கடைமுன் உள்ள நடைபாதை) நிழல், ஜன்னல் பலகைகளின் இடுக்கு, இவை ஒவ்வொன்றையும் நிரல் தனி நிறமாகப் படித்திருக்கும். அதனால் ஒரு நிறத்தில் ஒரு குறுக்கு, அடுத்ததற்கு வேறு நூல் என்று சிதறிக் கிடக்கும். அங்கே மணிக்கு 60 குறுக்கு விழுந்தாலே பெரிது. 220க்கு 300 கட்டம் என்றால் 66,000 குறுக்கு, 1,100 மணி நேரம். மாதம் 30 மணி நேரக் கணக்கில் மூன்று ஆண்டு. அந்தத் தெருவைத் தைக்கும் ஆசை அருமையான ஆசை, அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் வானத்தின் மூலை மட்டும்தான் முடிந்திருக்கிறது என்பதால் படத்தை மறுபடி மாற்றுங்கள். மாற்றும் முன் புகைப்படத்தில் சுவர், கூரை, வானம் ஆகியவற்றின் சிறு கறைகளை மங்கலாக்கி, நிறங்களை 25இல் இருந்து 30க்குள் கட்டுப்படுத்துங்கள். ஒரே ஒரு கடைவீட்டின் முகப்பை மட்டும் வெட்டி எடுத்தால் இன்னும் நல்லது: ஜன்னல், அதன் மேலுள்ள பூ வேலை, கீழே ஒரு சைக்கிள். தைக்கும்போது ஒரு நிறத்துக்கு ஓர் ஊசி என்று பல ஊசிகளில் கோத்துக்கொண்டு, ஒரு நிறம் முடிந்ததும் அது அடுத்து வரும் கட்டத்தின் மூலையில் ஊசியை வெளியே எடுத்து நிறுத்திவையுங்கள். பத்துக்குப் பத்து கட்டமாக நகரலாம், எண்ணிக்கைத் தவறும் குறையும்.

மெத்தை உறையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், மற்ற ஆறுக்கும் நாலைந்து வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனது அதில் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. துணி மடிப்பில் பழுப்பேறியிருந்தால் விட்டுவிடுங்கள். முடிந்த பூ ஒன்றிருந்தால் சுற்றி வெட்டி, குண்டூசிக் குத்தியாகத் தைத்துக்கொள்ளலாம். துணி நன்றாக இருந்தால் தையல் பழக விரும்பும் இளம்பெண் யாருக்காவது நூலோடு கொடுத்துவிடுங்கள். தொடங்கியதை எல்லாம் முடித்தே ஆக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடத்திட்டத்துக்குச் சரி. இங்கே உங்களைக் கேள்வி கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

காத்திருக்கும் வேலைகளைப் பத்திரப்படுத்துவது நம் ஊரில் ஒரு தனிப் பொறுப்பு. குளிர்நாட்டில் ஒரு துணியை ஆறு மாதம் அலமாரியில் போட்டால் அப்படியே இருக்கும். நமக்கு ஆண்டு முழுதும் காற்றில் ஈரம். முதல் விதி, ஓய்வெடுக்கும் துணியில் ஊசியை விடாதீர்கள். ஊசியின் நிக்கல் பூச்சு கை வியர்வையில் தேய்ந்ததும் உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும், துருக்கறை பருத்தியை விட்டுப் போகாது. தெருப் படத்தில் நிறுத்திவைத்த ஊசிகள் இருந்தால் நூலை விட்டுவிட்டு ஊசிகளை மட்டும் கழற்றிவிடுங்கள். இரண்டாவது, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள். வளையம் அழுத்திய வட்டத்தில் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து பழுப்புக் கோடாகப் படியும். துணியை மடிக்காமல், அமிலம் இல்லாத காகிதத்தோடு உருளையில் சுற்றி, பழைய தலையணை உறைக்குள் போடுங்கள். பிளாஸ்டிக் பை என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது.

நம் வீட்டுப் பெண்களுக்கு உரிய ஆபத்துகளும் சில உண்டு: சமையலில் கையேறிய மஞ்சள், தலையில் வைத்த தேங்காய் எண்ணெய், நெற்றிக் குங்குமம். சமையலுக்குப் பிறகு தைப்பதைவிட அதற்கு முன் தைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கசக்காமல் அலசுங்கள். மிஞ்சிய மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும், ஆனால் அந்த இடத்தை மட்டும் வெயில் படும்படி வைத்து மற்ற நிறங்களைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

மூன்று வேலைகள் மாறி மாறி ஓடும்போது, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே காலை கரைந்துவிடும். ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டை வையுங்கள். துணியின் கவுண்ட், எத்தனை இழை, எந்த நிறத்தில் எந்தக் கட்டத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுந்திருக்கும் முன் பென்சிலால் குறித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், குறுக்கின் மேல் கால் (இரண்டாவதாக மேலே விழும் தையல்) எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு சின்னப் படம் போட்டுவையுங்கள். குறுக்கின் மேல் தையல் படம் முழுதும் ஒரே திசையில் சாய வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது கை மாறிவிட்டால், வெளிச்சம் படும் விதம் மாறி, அந்தப் பகுதி வேறு நிறம்போலத் தெரியும். இந்தப் பிழையைச் சட்டம் போட்ட பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

நூலையும் வேலைவாரியாகப் பிரித்துவிடுங்கள். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. 14 கவுண்ட் துணியில் இரண்டு இழையாகத் தைத்தால் ஒரு கண்டு சுமார் 1,500 குறுக்குக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் குறை வராது. முருகன் படத்துப் பின்னணியில் ஒரு நிறம் 9,000 குறுக்கு என்றால் ஆறு கண்டு, அவற்றை ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். 310 கறுப்பு எல்லாப் படத்திலும் வரும், ஒவ்வொரு பைக்கும் தனிக் கண்டு வைக்காவிட்டால் தினமும் அதைத் தேடுவீர்கள்.

கண்ணாடி விஷயம் ஒன்று. படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்யப்பட்டிருக்கும். தரையில் நிறுத்தும் தையல் சட்டத்தில் நீங்கள் தைத்தால் துணி இன்னும் தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தை நாடாவால் அளந்து, கண்ணாடிக் கடையில் சொல்லித் தையலுக்கென்று ஒன்று செய்துகொள்ளுங்கள், கழுத்து வலியும் குறையும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும், அந்தச் சமயத்தில் புதுக் கண்ணாடி அளவு எடுக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி ஆறு மீட்டர் தள்ளி ஏதாவது மரத்தைப் பாருங்கள். பெருவிரல் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு தைத்த இரண்டு மணி நேரம் அடுத்த இரண்டு வாரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

இலக்கைப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டுக்கு இத்தனைப் படம் என்று வைக்காதீர்கள், அது உங்களைச் சின்னப் படங்களின் பக்கம் தள்ளும், முருகன் என்றைக்கும் பின்னால் நிற்பார். பத்துக்குப் பத்து கட்டத்தை ஓர் அலகாகக் கொள்ளுங்கள், அது நூறு குறுக்கு, உங்கள் ஒரு மணி நேரம். மாதத்துக்கு முப்பது அலகு. வரைபடத்தில் முடித்த அலகைப் பென்சிலால் நிரப்பி, மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். தைப்பூச மாதத்தில் பதினைந்துதான் வரும், பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்தால் அதுவும் வராது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், வெளிச்சம் குறைவு, போதாததற்குத் தீபாவளிப் பலகாரம். அந்த மாதங்களுக்கு இருபது என்று முன்பே எழுதிவைத்துவிடுங்கள். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய எதையும் ஆகஸ்டுக்குள் முடிக்கும்படி தொடங்குங்கள்.

புது கிட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது வரிசையில் நிற்கட்டும், தெருப் படத்துக்குப் பின்னால். தொடங்காமல் பையைப் பிரித்து நிறங்களைப் பார்த்து ரசிப்பதில் ஒரு தவறும் இல்லை.

முருகன் படம் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்தாலும் இரண்டு விஷயங்களை இப்போதே தீர்மானிக்க வேண்டும். பூஜை அறையில் மாட்டுவதானால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் படியும், கண்ணாடி போட்டே ஆக வேண்டும். கண்ணாடி தையலைத் தொடக் கூடாது, நடுவில் இடைவெளி விட்டு அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று இடம். 14 கவுண்ட் துணியில் 200க்கு 280 கட்டம் என்பது 36க்கு 51 சென்டிமீட்டர். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் அட்டை, 3 சென்டிமீட்டர் மரச்சட்டம் சேர்த்தால் 52க்கு 67 சென்டிமீட்டர் சுவர் வேண்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கம் வேண்டாம். இந்த அளவை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்த இடத்தில் வேறு அலமாரி எதுவும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.